சத்தம் வேறு, சக்தி வேறு

நள்ளிரவில் மோட்டார் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு, ஊரையே எழுப்பிக்கொண்டு போகும் வாலிபர்களைப் பற்றி ஜனங்கள் செய்யும் புகார் முற்றிலும் நியாயமானது. தூளியில் உறங்கும் குழந்தையையும், பாயில் கிடக்கும் நோயாளியையும் தூக்கிவாரிப் போடச் செய்ய எவருக்கும் உரிமை கிடையாது. அத்தகைய சைலன்சர்களைக் கைப்பற்றித் தெருவில் வரிசையாகக் கிடத்தி, ரோடு ரோலரை ஏற்றி நசுக்கும் வைபவத்தை நமது தேசத்தின் பல நகரங்களில் போலீஸார் நடத்தியிருக்கிறார்கள். அதைக் கண்டு கைகொட்டியவர்களை நாம் குறை கூற மாட்டோம். ஆயினும், யந்திரத்தின் ஆற்றலைப் பெருக்கும் வித்தை முழுவதுமே போக்கிரித்தனம் என்ற எண்ணம் இதனால் படித்தவர்களிடையே பரவி வருகிறது. இதை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை.

என்ஜினுக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது? பெட்ரோலிலிருந்து என்று பள்ளிப் பிள்ளையும் சொல்வான். அது பாதி உண்மைதான். ஒரு பங்கு பெட்ரோல் முறையாக எரிய, எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். முழு வேகத்துக்கு 12 அல்லது 13 பங்கு போதும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்றை அப்படி ஊற்ற முடியாது. என்ஜின் தானே மூச்சிழுத்துத்தான் அதைப் பெற வேண்டும். ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் அதிகக் காற்றை உள்ளே வாங்குவது, இழுத்ததை எரிப்பதற்கு முன் இன்னும் இறுக்குவது, நிமிஷத்துக்கு அதிகமான தடவை மூச்சு வாங்கச் செய்வது என்னும் இவற்றுக்குள்ளே இந்த வித்தை அடங்கிவிடுகிறது.

இதற்கு நம் வீதியிலேயே உதாரணம் இருக்கிறது. பழைய வார்ப்பிரும்பு என்ஜின் கொண்ட புல்லட்டின் கொள்ளளவு 346 சி.சி.; அதன் சக்தி 18 குதிரை. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் தயாரான யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டியின் கொள்ளளவோ வெறும் 98 சி.சி.; சக்தி 11 குதிரை. மூன்றில் ஒரு பங்கும் இல்லாத சிறிய என்ஜின், பெரியதன் சக்தியில் பாதிக்கு மேல் தருவது எப்படி? புல்லட் தன் உச்ச சக்தியை எட்டும்போது நிமிஷத்துக்குச் சுமார் 2,800 முறை வெடிக்கிறது. இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினாகிய ஆர்.எக்ஸ். சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பதால் 7,500 முறை வெடிக்கிறது. தயாரிப்பு நின்று பல வருஷங்கள் கடந்தும் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் இந்த வண்டியைக் கைவிடாததற்குக் காரணம் வெறும் பழைய பாசம் அல்ல. கை வைத்தால் பலன் தரும் யந்திரம் அது.

ஆனால் நம் வாலிபர்களில் பெரும்பாலோர் முதலில் கை வைப்பது எங்கே? சைலன்சரில். அதன் உள்ளிருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்ததும் வண்டி சிங்கம்போல் கர்ஜிக்கிறது. உடனே சக்தி கூடிவிட்டதாகப் பூரிக்கிறார்கள். (சத்தம் போட்டால் சக்தி வந்துவிடும் என்ற மயக்கம் மேடைப் பிரசங்கிகள் சிலருக்கும் உண்டு, அது வேறு விஷயம்.) இரண்டு ஸ்ட்ரோக் வண்டியில் இவ்விதம் செய்கிறவன் சக்தியைக் கூட்டவில்லை, வெட்டிப் போடுகிறான். இதை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் கிழக்கு ஜெர்மனியைச் சேர்ந்த வால்ட்டர் காடன் என்ற என்ஜினியர்.

ஸாக்ஸனியில் ஷோப்பாவ் என்ற சிற்றூர். அங்கே எம்.ஸெட். என்ற தொழிற்சாலை. யுத்தத்தில் தோற்றுப் பிளவுபட்ட தேசத்தின் ஏழைப் பாதியில் இருந்த அந்தத் தொழிற்சாலைக்கு நல்ல உலோகத்துக்கும் பஞ்சம், அந்நியச் செலாவணிக்கும் பஞ்சம். எதிரே நின்றவர்களோ இத்தாலியர்களும் ஜப்பானியர்களும். காடன் பணத்தை நம்ப முடியாத நிலையில் காற்றை ஆராய்ந்தார். இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினில் புதிய வாயு உள்ளே புகுந்துதான் எரிந்த புகையை வெளியே தள்ள வேண்டும். அப்போது புதிய வாயுவிலும் ஒரு பகுதி புகையோடு வீணாக வெளியேறிவிடும். புகைக்குழாய் ஓரிடத்தில் கூம்புபோல் விரிந்தால், வெடிப்பின் அழுத்த அலை அங்கே பட்டு உறிஞ்சும் அலையாகத் திரும்பிப் புகையை விரைவாக இழுக்கும். அதற்கு அப்பால் குழாய் மறுபடி குறுகினால், அலை தள்ளும் அலையாகத் திரும்பி, தப்பி ஓடிய புதிய வாயுவைப் பிஸ்டன் வாசலை அடைப்பதற்குச் சற்று முன்னால் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். இந்த எண்ணம் அவருக்கு முன்பே ஜெர்மனியில் முளைத்திருந்தது. அதை அளந்து, கணக்கிட்டு, திரும்பத் திரும்பச் சோதித்து முழுமையாக்கிய பெருமை அவருடையது. 1961ஆம் ஆண்டில் அவருடைய 125 சி.சி. என்ஜின் 25 குதிரை சக்தி தந்தது. அதாவது லிட்டருக்கு 200!

அதன் பிறகு நடந்ததையும் நேயர்கள் அறிய வேண்டும். உலகப் பட்டத்தை அநேகமாக எட்டிவிட்ட அவருடைய வீரர் எர்ன்ஸ்ட் டேக்னர், 1961 செப்டம்பரில் ஸ்வீடனில் நடந்த பந்தயத்தின்போது மேற்கே தப்பிச் சென்றார். எம்.ஸெட்டின் ரகசியங்களும் அவருடன் ஜப்பானுக்குச் சென்று ஸுஸுகி கம்பெனியில் சேர்ந்தன. மறு வருஷமே 50 சி.சி. பிரிவில் ஸுஸுகியில் ஓட்டி அவர் உலகப் பட்டம் பெற்றார். எம்.ஸெட்டுக்கோ கடைசி வரையில் ஓர் உலகப் பட்டமும் கிட்டவில்லை. ஆனால் இரண்டு ஸ்ட்ரோக் பந்தய வண்டிகளெல்லாம் பிற்காலத்தில் அவர் வழியிலேயே சென்றன. நம் வாலிபன் பிடுங்கி எறிகிற தகரக் குழாயின் வம்சாவளி இதுதான்.

உண்மையான மெக்கானிக் இந்த வித்தைக்கு விலை உண்டு என்பதை அறிவான். சிலிண்டரின் புகை வாசலை அரத்தால் ராவி உயர்த்தினால் மேல் வேகத்தில் சக்தி கூடும். கீழ் வேகத்தில் குறையும். பந்தயத்துக்கு அது நல்லது. பால் கேன்களைக் கட்டிக்கொண்டு மேடேற வேண்டியவனுக்கு அதே வண்டி சனியன். ஹெட்டை லேத்தில் கொடுத்துச் சீவினால் இறுக்கம் ஏறும்; அளவு மீறினால் பெட்ரோல் கண்டபடி வெடித்து என்ஜின் தட்டும். காற்று அதிகமாக வரும்படி செய்துவிட்டு கார்புரேட்டரில் ஜெட்டை மாற்றாமல் விட்டாலோ, கலவை வறண்டு பிஸ்டன் கொதிக்கும். பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் மெக்கானிக் அதன் முனை இளம்பழுப்பாக இருந்தால் திருப்தி அடைகிறான். வெளுத்திருந்தால் வண்டியை வெளியே விடமாட்டான். ஏனெனில் அடுத்தபடியாக ஓடும் வேகத்திலேயே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஓட்டியவன் எந்தப் பக்கம் விழுவான் என்பது எதிரே வரும் லாரியைப் பொறுத்தது. பிரேக்கைப் பற்றியோ பலர் நினைப்பதே இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போன வண்டி 85இல் போகுமானால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்காகிறது. பழைய டிரம் பிரேக்கோ அன்று இருந்ததுதான்.

சட்டம் இவற்றையெல்லாம் பிரித்துப் பார்க்கிறதா? 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே வருஷத்துத் திருத்தம், சட்டத்துக்கு முரணாகச் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. வண்டியின் அடிப்படை அம்சத்தை மாற்றும் அமைப்பு மாறுதலே ‘மாற்றம்’ என்று சட்டம் விளக்குகிறது. சிலிண்டருக்குள் ஒரு வாசலை அரை மில்லிமீட்டர் ராவுவது அவ்வகையில் சேருமா என்று கோர்ட்டில் நாள் முழுவதும் வாதாடலாம். சாலையோரத்தில் சாவியைப் பிடுங்கிக்கொண்ட கான்ஸ்டபிளிடம் வாதாட முடியுமா? பொதுச் சாலையில் இந்தக் கட்டுப்பாடு அவசியம் என்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. வித்தை கற்றவன் எங்கே போவான் என்பதே நமது கேள்வி. கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு ஹோட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பூட்டித்தான் யந்திரம் கற்றார் என்று பெருமையுடன் பேசுகிறோம். அவரைப் போன்ற பையன் இன்று பட்டறையில் அதையே செய்தால் சந்தேகத்தோடு பார்க்கிறோம்.

வேகப் பந்தயம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. யுத்த காலத்து விமான ஓடுபாதையாகிய சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயங்கள் நடந்தன. அதன் பிறகு 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் ஓடுதளம் அமைந்தது. ஆனால் இன்று பந்தயத்தில் இறங்குவதற்கு ஆகும் செலவு, மாதச் சம்பளத்துக்கு ஸ்பானர் பிடிக்கும் பையனின் கைக்கு எட்டுவதல்ல. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய இரு தினங்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பொதுச் சாலையை அடைத்து, இரவு விளக்கொளியில் ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடத்துவதில் ராஜ்ய சர்க்காரே பங்கேற்றது. அதை நாம் கண்டிக்கவில்லை. பொது இடத்தில் பந்தயம் விடுவதைத் தண்டிக்கும் 189வது பிரிவே, ராஜ்ய சர்க்காரின் எழுத்து மூலமான சம்மதம் இருந்தால் குற்றமில்லை என்றுதான் வகுத்திருக்கிறது. கார்களுக்குக் கிடைத்த சம்மதம் ஏழையின் மோட்டார் சைக்கிளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஊருக்கு வெளியே பாழடைந்த ஓடுபாதைகள் நம் மாகாணத்தில் இல்லாமற் போகவில்லை. தலைக்கவசமும், பிரேக்குப் பரிசோதனையும், கையருகே ஓர் ஆம்புலன்ஸும் கட்டாயம். சத்த அளவை மீறும் வண்டிக்கு அங்கேயும் இடமில்லை. சர்க்கார் தொழிற்பயிற்சி நிலையங்களில், பின்சக்கரத்தை ரோலரின்மேல் ஓடவிட்டுச் சக்தியை அளக்கும் டைனமோமீட்டரை வைத்து, சிறு கட்டணத்துக்குப் பட்டறைக்காரர்களுக்கும் திறந்துவிட வேண்டும். சைலன்சரைப் பிடுங்கியதால் கூடியது எத்தனை, குறைந்தது எத்தனை என்று முள் காட்டிவிட்டால், போலீஸாரின் வேலையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். நசுக்குவதற்கு ரோலர் தேடிப் பிடித்தவர்களுக்கு அளப்பதற்கு ஒரு ரோலர் வாங்குவது பெரிய பாரமாகாது. விளையாட்டு இலாகாவும் போக்குவரத்து இலாகாவும் இது விஷயமாகக் கலந்து யோசித்து, 189வது பிரிவின் கீழ் முதல் சம்மதத்தை அடுத்த வரவு-செலவுத் திட்டத்துக்கு முன்பே வெளியிட வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.