டயரைக் கழற்றுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம்

மக்களே, இன்றைக்குக் கொஞ்சம் சண்டை போடலாம் என்றிருக்கிறேன். எதைப் பற்றி? நம் வகுப்பு மெக்கானிக்கல் சிங்கங்கள் மாறி மாறி அனுப்பிக்கொண்டிருக்கும் அந்தப் பனி வீடியோக்களைப் பற்றித்தான்.

பார்க்காதவர்களுக்காக: யூ.டி.வி. என்று ஒரு வண்டி உண்டு. ஜீப்புக்கும் நாலு சக்கர பைக்குக்கும் நடுவில் ஒரு ரகம். இரண்டு மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், பின்னால் சரக்குப் போட ஒரு சின்னத் தொட்டி. போலாரிஸ் ரேஞ்சர், கேன்-ஆம் டிஃபெண்டர், கவாசாகி மியூல் எல்லாம் இந்தக் குடும்பம். அமெரிக்காவிலும் கனடாவிலும் பண்ணைக்காரர், வேட்டைக்காரர், மீன் பிடிப்பவர் எல்லோரிடமும் இருக்கும். இதன் நான்கு டயர்களையும் கழற்றிவிட்டு, முக்கோண வடிவில் நான்கு ரப்பர் ட்ராக்குகளை மாட்டுகிறார்கள். வண்டி இடுப்பளவு பனியில் டாங்கி மாதிரி போகிறது. உடனே கீழே ஒரு வசனம்: "இனி இதை யாராலும் நிறுத்த முடியாது."

இந்த வசனத்தோடுதான் என் சண்டை. ட்ராக் மாட்டினால் வண்டி பலசாலி ஆவதில்லை. புதைவது என்ற ஒரே ஒரு வியாதிக்கு அது மருந்து, அவ்வளவுதான். சர்வரோக நிவாரணி என்று நம்புகிறவர் உயிரோடு விளையாடுகிறார்.

முதலில் ட்ராக்குக்குச் சேரவேண்டிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். கணக்கு பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவலாம் :-)

ஆளோடும் சாமானோடும் வண்டி 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு டயர் தரையைத் தொடுவது 250 சதுர செ.மீ. என்றால் நான்குக்கும் 1000. ஆக, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ அழுத்தம். டயருக்குப் பதில் ட்ராக் வந்தால் எடை ஒரு 150 கிலோ கூடும் என்று கொள்ளுங்கள், மொத்தம் 1050. ஆனால் ஒவ்வொரு ட்ராக்கும் 2000 சதுர செ.மீ. பரப்பில் பனியில் படிந்தால் அழுத்தம் 0.13 கிலோதான். ஏழில் ஒரு பங்கு! நடந்து போகிற மனிதனின் பாதம் கொடுப்பதைவிடக் குறைவு. நீங்கள் முழங்கால்வரை புதையும் இடத்தில் வண்டி மிதந்து போவதில் மாயமில்லை, வெறும் வகுத்தல்தான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் விளையாட்டுக்காகக் கண்டுபிடிக்கவும் இல்லை. 1934 குளிர்காலத்தில் கனடாவின் க்யூபெக்கில் ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் சின்னப் பையனுக்கு உடம்பு மோசமானது. சாலையெல்லாம் பனி, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. பையன் இறந்துபோனான். ஏற்கெனவே பனி வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த அந்த மனிதர் அதன்பின் தீவிரமாக இறங்கி, பல்சக்கரமும் ரப்பர் பட்டையும் சேர்ந்த அமைப்புக்கு 1937-ல் காப்புரிமை வாங்கினார். அவருடைய பனி வண்டிகளில் டாக்டர்கள் போனார்கள், தபால் போனது, பள்ளிப் பிள்ளைகள் போனார்கள்.

ஆனால் அதே கதையின் அடுத்த அத்தியாயத்தை வீடியோக்காரர்கள் சொல்வதில்லை. 1948-ல் க்யூபெக் அரசு சாலைகளில் பனியை அள்ளவேண்டும் என்று சட்டம் போட்டது. பொம்பார்டியேயின் விற்பனை சரிந்தது. சாலை கிடைத்ததும் ஜனங்கள் சக்கரத்துக்கே திரும்பிவிட்டார்கள். அவரும் சதுப்பு நிலத்துக்கும் காட்டுக்குமான ட்ராக் வண்டிகள் பக்கம் திரும்பினார். தரை தாங்குமானால் சக்கரம்தான் ராஜா. ட்ராக்கின் தகப்பனார் கடையிலேயே இந்தத் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

நம் டெல்டா விவசாயிக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஈர வயலுக்கு பெல்ட் வண்டி, காய்ந்த வயலுக்கு டயர் வண்டி என்று அறுவடை மிஷினை அவர் பிரித்தே கூப்பிடுகிறார். பெல்ட் வண்டிக்கு வாடகை அதிகம். ஊர் விட்டு ஊர் போக அதை லாரியில் ஏற்றித்தான் கொண்டுவருகிறார்கள். "பெல்ட் இருக்கு, எல்லா வயலிலும் நான்தான்" என்று அங்கே யாரும் வசனம் பேசுவதில்லை.

சரி, யூ.டி.வி.க்கு வருவோம். இந்த வண்டியின் ஆக்சில், சி.வி. ஜாயின்ட், ஸ்டியரிங் கம்பிகள் எல்லாம் டயருக்காகச் செய்யப்பட்டவை. டயர் சேற்றில் மாட்டினால் என்ன செய்யும்? வழுக்கிச் சுற்றும். அந்த வழுக்கலை நாம் திட்டுகிறோம். ஆனால் வீட்டில் ஃபியூஸ் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது. ட்ராக் அவ்வளவு எளிதில் வழுக்காது. அப்போது எஞ்சினின் முறுக்கு விசை எங்கே போகும்? அடுத்த பலவீனமான இடத்துக்கு. அதாவது ஆக்சிலுக்கு, ஜாயின்ட்டுக்கு, பெரும்பாலான யூ.டி.வி.க்களில் கியர்பாக்ஸுக்குப் பதில் இருக்கும் சி.வி.டி.யின் ரப்பர் பெல்ட்டுக்கு. ட்ராக்கை இழுக்கவே தனிச் சக்தி வேண்டும். லோ கியரில் போடாமல் முறுக்கினால் பெல்ட் சூடாகி, சுருண்டு, அறுந்துபோகும்.

வேகமும் போகிறது. 27 அங்குல டயர் இருந்த இடத்தில், கணக்குக்கு 18 அங்குலப் பல்சக்கரம் என்று வைத்தால், அச்சு ஒரு சுற்று சுற்றும்போது வண்டி முன்பு போனதில் மூன்றில் இரண்டு பங்குதான் போகும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டினால் நிஜத்தில் 40. பெட்ரோல் மட்டும் தாராளமாகக் குடிக்கும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் நீளமான பட்டை முழுவதும் தரையில் தேய்ந்து திரும்பவேண்டும். பவர் ஸ்டியரிங் இல்லாவிட்டால் தோள் கழன்றுவிடும்.

"இதெல்லாம் காசு சமாச்சாரம், இருப்பவன் மாட்டுவான், உனக்கென்ன?" என்று கேட்பீர்கள். காசு மட்டும் என்றால் நான் இவ்வளவு தட்டச்சு செய்திருக்கமாட்டேன். விஷயம் உயிர்.

முதல் ஆபத்து தூரம். டயர் வண்டி சாலையிலிருந்து 200 மீட்டரில் புதையும். திட்டிக்கொண்டே நடந்து வந்துவிடலாம். ட்ராக் வண்டி 20 கிலோமீட்டர் உள்ளே போய், ஒரு ஜாயின்ட் உடைந்து நிற்கும். பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரி. இடுப்பளவு பனியில் உங்கள் காலில் ட்ராக் இல்லை. மீட்கப் போகிறவருக்கும் இன்னொரு ட்ராக் வண்டி வேண்டும். நிற்கும் இடத்தை ட்ராக் ஒழிக்கவில்லை, தள்ளி வைத்திருக்கிறது.

இரண்டாவது ஆபத்து இன்னும் மோசம்: உறைந்த ஏரி. மினசோட்டாவிலும் கனடாவிலும் ஏரியின் மேல் வண்டியை ஓட்டிப் போய், ஐஸில் துளை போட்டு மீன் பிடிப்பார்கள். "ட்ராக் எடையைப் பரப்புகிறது, எனவே மெல்லிய ஐஸும் தாங்கும்" என்ற நினைப்பு எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள்! பனிக்குச் சொன்ன கணக்கை ஐஸுக்கும் போடுகிறார்கள். அங்கேதான் தப்பு.

பனியில் நடப்பது புதைதல், அதற்கு அழுத்தம் முக்கியம். ஏரி ஐஸ் தண்ணீர்மேல் மிதக்கும் பலகை. வண்டி நின்றால் சுற்றிலும் சில மீட்டர் தூரத்துக்கு அது வளைந்து கொடுக்கிறது. அந்த வளைவுக்கு முன்னால் டயரும் ஒன்றுதான், அதைவிட இரண்டடி நீண்ட ட்ராக்கும் ஒன்றுதான். கனடாவின் லார்ன் கோல்ட் 1971-ல் வெளியிட்ட புகழ்பெற்ற சூத்திரத்தில் தாங்கும் எடை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. கூட ஒரு மாறிலி. தொடுபரப்பு என்ற சொல்லே அதில் கிடையாது. மாறிலியை 4 என்று வைத்தால் 900 கிலோவுக்கு 15 செ.மீ. நல்ல ஐஸ் வேண்டும், 1050 கிலோவுக்கு 16-க்கு மேல். ஆக, ட்ராக் மாட்டியதால் தேவையான தடிமன் கூடியிருக்கிறது! வாங்கியவரோ குறைந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஏரிக்குள் இறங்குகிறார்.

தரைக்கும் ஒரு வார்த்தை. "அழுத்தம் குறைவு, இயற்கைக்கு நல்லது" என்கிறார்கள். நேராகப் போனால் சரி. திரும்பும்போது பட்டை செடியை வேரோடு உரிக்கிறது. அலாஸ்காவின் தந்த்ராவில் அந்தச் செடிப் போர்வைதான் அடியில் உறைந்த மண்ணைக் காக்கிறது. 1940-களில் அமெரிக்கக் கடற்படை எண்ணெய் தேடியபோது கோடையில் ஓடிய கனரக ட்ராக் வண்டிகளின் தடங்கள் பல பத்தாண்டுகள் கழித்தும் வானத்திலிருந்து தெரிந்தன. அவை பெரிய வண்டிகள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ட்ராக் என்பதாலேயே தரை பிழைத்துவிடாது என்பதற்கு அது போதும்.

அப்படியானால் யாருமே மாட்டக்கூடாதா? தாராளமாக மாட்டட்டும். பனியில் மின்கம்பி பழுது பார்க்கிறவர், மாட்டுக்குத் தீனி கொண்டுபோகிறவர், மீட்புக் குழு, சதுப்பில் தினமும் வேலை உள்ளவர் எல்லோருக்கும் அது வரம். அவர்கள் லோ கியரில் போவார்கள், பட்டையின் இறுக்கத்தைச் சரி பார்ப்பார்கள், துணைக்கு இன்னொரு வண்டியோடு போவார்கள், ஐஸை அளந்துவிட்டு இறங்குவார்கள், பனி உருகியதும் டயருக்கு மாறிவிடுவார்கள். தங்கள் வண்டி எங்கே நிற்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். எங்குமே நிற்காது என்று சொல்கிறவர்தான் எனக்குப் பயத்தைக் கொடுக்கிறார்.

ஆகவே வகுப்புத் தோழர்களே, அடுத்த தடவை அந்த மாதிரி வீடியோ அனுப்பும்போது அந்த வசனத்தை மட்டும் வெட்டிவிட்டு அனுப்புங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கணக்கோடு வரவும். கேன்டீனில் டீ என் செலவு.