மாதவிலக்கு நின்றுவிட்டதே, திரும்ப வருமா?

"டாக்டர் ஊசி போட்டார். வயிற்று வலி குறைந்தது. ஆனால் இரண்டு மாதமாக மாதவிலக்கே வரவில்லை! இனிமேல் பிள்ளை பிறக்காதோ?"

கர்ப்பப்பை நோய்க்கு ஹார்மோன் மருந்து எடுக்கும் பெண்களின் மனதில் எழும் கேள்வி இது. வெளியே கேட்கக் கூச்சம். மாமியாரிடம் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று பயம். இந்தப் பயத்தால் பாதியிலேயே சிகிச்சையை விட்டுவிடுகிறவர்கள் உண்டு.

சிவகாசி வட்டாரத்தில் இந்தப் பயத்துக்கு விலையும் உண்டு. சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் பக்கத்துப் பெண்கள் காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆபீசுக்குப் போகிறார்கள். பல வேலைகளுக்கு எண்ணிக்கைக் கூலிதான். எத்தனை வெடிக்குத் திரி வைத்தார்களோ, அத்தனைக்குத்தான் பணம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், அந்த நேரத்துக் கூலி போச்சு!

என்ன நோய்?

கர்ப்பப்பைக்கு உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. அது மாதாமாதம் வளரும். பிறகு உதிர்ந்து, இரத்தத்தோடு வெளியேறும். அதுதான் மாதவிலக்கு.

சிலருக்கு அதே மாதிரிச் சவ்வு கர்ப்பப்பைக்கு வெளியே, சினைப்பையிலோ குடல் மீதோ ஒட்டி வளர்கிறது. மாதாமாதம் அங்கேயும் இரத்தம் கசிகிறது. ஆனால் வெளியேற வழி இல்லை! அதனால் வீக்கம், தழும்பு, தாங்க முடியாத வலி. இதற்கு 'எண்டோமெட்ரியோசிஸ்' என்று பெயர். வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் பிள்ளை பெறும் வயதில் உள்ள பெண்களில் 10 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் இன்னதென்று தெரியவே 4 முதல் 12 ஆண்டுகள் ஆகிவிடுகின்றன.

ஏன் இவ்வளவு தாமதம்? "பெண்ணாகப் பிறந்தால் வலி இருக்கத்தான் செய்யும்" என்று சொல்லியே வளர்க்கிறோம். 2019-ம் ஆண்டு 'தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன்' ஒரு செய்தி வெளியிட்டது. தமிழ்நாட்டில் துணித் தொழிலில் வேலை செய்யும் சுமார் 100 பெண்களிடம் அதன் செய்தியாளர்கள் பேசினார்கள். மாதவிலக்கு வலி என்று சொன்னதும், பெயர் ஒட்டாத மாத்திரையை வேலை இடத்திலேயே கொடுத்ததாக அத்தனை பேரும் சொன்னார்கள். என்ன மாத்திரை? யாரும் சொல்லவில்லை. வலி அடங்கியது, வேலை நடந்தது. நோய் இருந்தால், அது உள்ளேயே இருந்தது!

மருந்து செய்யும் வேலை

மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் 'பிட்யூட்டரி' என்ற சுரப்பி இருக்கிறது. அது ஆணை போட்டால்தான் சினைப்பை 'ஈஸ்ட்ரோஜன்' சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் இருந்தால்தான் சவ்வு வளரும். பிட்யூட்டரிக்கும் மேலே மூளையில் இருந்து உத்தரவு வருகிறது. அந்த உத்தரவைக் கொண்டு வரும் ஹார்மோனைக் கண்டறிந்த கியேமான், ஷாலி என்ற இருவருக்கும் 1977-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று போடும் லூப்ரோலைடு போன்ற ஊசிகள் அந்தக் கண்டுபிடிப்பின் வழியில் வந்தவை.

ஊசி போட்ட முதல் இரண்டு வாரம் ஈஸ்ட்ரோஜன் கூடும். வலியும் கூடலாம். ஒரு தடவை இரத்தப் போக்கும் வரலாம். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று பலர் பயப்படுவது இங்கேதான். அதன் பிறகு சுரப்பி அடங்கும். மாதவிலக்கு நிற்கும். நிற்பது கோளாறு அல்ல, மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

தினம் ஒன்று சாப்பிடும் 'டையனோஜெஸ்ட்' மாத்திரை வேறு மாதிரி. அதில் முதல் சில மாதம் திட்டுத் திட்டாக இரத்தம் படலாம். போகப் போகக் குறையும்.

ஊசியால் உடம்பில் திடீர் திடீரென்று சூடு பரவும், வியர்த்துக் கொட்டும். சிவகாசியில் 'மருந்து' என்றால் வெடிமருந்து. அந்த மருந்து புழங்கும் அறையில் மின்விசிறி சுழலாது. சித்திரை வெயிலில் அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? எலும்பும் தேயும். அதனால்தான் இந்த ஊசியை மட்டும் தனியாக 6 மாதத்துக்கு மேல் தொடர்வதில்லை. அதற்கு மேல் தேவைப்பட்டால், எலும்பைக் காக்க வேறு ஹார்மோன் மாத்திரையும் சேர்த்துத் தருவார்கள்.

எப்போது திரும்பும்?

மாத ஊசியை நிறுத்தினால், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் மாதவிலக்கு வந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி என்றால் இன்னும் தாமதமாகலாம். மாத்திரையை நிறுத்தினால் சுமார் இரண்டு மாதம். முதல் சில தடவை நாள் தவறலாம். ஒருவருக்குச் சொட்டுச் சொட்டாக, இன்னொருவருக்கு அதிகமாகப் போகலாம். பழைய வலி பலருக்குத் திரும்பி வருவதும் உண்மை. மருந்து நோயை அடக்குகிறதே தவிர, வேரோடு பிடுங்குவதில்லை.

மாதவிலக்கு வராத காலத்திலும் கர்ப்பம் தரிக்க இடம் உண்டு. இந்த மருந்துகளைக் கருத்தடையாக நம்பக் கூடாது. நிறுத்தி மூன்று மாதம் ஆகியும் வராவிட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்து, அது சில மணி நேரம் நீடித்தால், அல்லது தலை சுற்றினால், உடனே ஆஸ்பத்திரி.

இதையெல்லாம் யாரும் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? மராட்டிய மாநிலம் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்களிடம் 2019-ல் கணக்கெடுத்தார்கள். 82 ஆயிரத்துக்கும் அதிகமானோரில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்துவிட்டவர்கள்! ஒரு நாள் லீவு போட்டால் அபராதம் என்ற பயமும் அதற்கு ஒரு காரணம்.

இங்கே இ.எஸ்.ஐ. அட்டை உள்ள பெண்ணுக்கு அப்படிப் பயம் வேண்டாம். 6 மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருந்தால், டாக்டர் சான்றின் பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும். ஆனால் பதிவேட்டில் பெயர் இல்லாமல், வீட்டில் வைத்துக் குழாய் உருட்டும் பெண்ணுக்கு அந்த அட்டை ஏது? சிவகாசியின் பெரிய குறை இதுதான். அவருக்கு அரசு ஆஸ்பத்திரிதான் வழி. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது.

போகும்போது வீட்டுக் காலண்டரையும் எடுத்துப் போகலாம். தமிழ்நாட்டுக்கே காலண்டர் அச்சடிக்கும் ஊர் அல்லவா! கடைசி ஊசி எந்தத் தேதி, இரத்தம் பட்ட நாட்கள் எவை, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் என்று அதில் குறித்திருந்தால், டாக்டர் கேட்கும் முதல் மூன்று கேள்விக்குப் பதில் கையிலேயே இருக்கும்.