கேள்வி கேட்ட தாய்மார்கள்

1975-ல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாகாணத்து லைம் வட்டாரத்தில் பல குழந்தைகளுக்கு மூட்டு வீக்கங் கண்டது. தலைவிதியென்று வாய்மூடிக் கிடக்காமல், "ஒரே வட்டாரத்தில் இத்தனை பேருக்கு ஏன்?" என்று இரு தாய்மார்கள் கேட்டார்கள். யேல் சர்வகலாசாலை வைத்தியர்கள் ஆராயப் புகுந்தார்கள். சந்தேகம் உண்ணியின்மேல் விழுந்தது. அவ்வுண்ணியின் குடலிலிருந்த சுருட்கிருமியை பர்க்டார்பர் என்பார் கண்டு 1982-ல் வெளியிட்டார். இன்று ஆரம்பத்திலேயே கண்டால் சில வார மருந்தில் பெரும்பாலோர் குணமடைகின்றனர்.

மருந்துக்குப் பின்னும் உபாதை நீடித்தவர்களுக்கு இன்னும் பல வாரம் மருந்து கொடுத்தால் தீருமென்று சில வைத்தியர்களே நம்பினார்கள். அதையும் சோதித்து, போலி மருந்தைவிட மேலான பலனில்லையென்று 2001-ல் வெளியிட்டார்கள். அந்த உபாதை பொய்யல்ல. அந்த வழிதான் சரியல்ல.

தோழர்களே! வைத்தியர் நம்பிக்கைக்கே சோதனை உண்டென்றால், மற்ற நம்பிக்கைகளுக்கு மட்டும் விலக்கு எதற்கு?