வாங்கிய பங்கை மறந்துவிடலாமா?
தனிப் பங்கு முதலீடு குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சம்பளத்திலும் கடை வருமானத்திலும் மிச்சம் பிடித்த பணத்தை ஒருவர் தனித்தனி நிறுவனங்களின் பங்குகளில் நேரடியாகப் போடலாமா, மியூச்சுவல் ஃபண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டுமா? எங்கள் சிறு முதலீட்டாளர் சங்கத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். 2020 மார்ச்சில் நாட்டில் சுமார் 4 கோடி டீமேட் கணக்குகள் இருந்தன. 2024 மார்ச்சில் அவை 15 கோடியை எட்டிவிட்டன. புதிதாக வந்தவர்களில் பலர் நீண்ட சரிவு ஒன்றைக் கண்ணால் பார்க்காதவர்கள். அவர்களுக்காகவும், பல வருடமாகப் பங்குகளை வைத்துக்கொண்டிருக்கும் மூத்த உறுப்பினர்களுக்காகவும் எங்கள் நிலைப்பாட்டை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம்.

வாங்கலாம். சிறு முதலீட்டாளருக்குப் பங்கு எதற்கு என்று கேட்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஆனால் ‘நல்ல பங்காகப் பார்த்து வாங்கிப் போடு, மறந்துவிடு’ என்று ஊரெல்லாம் சொல்லப்படும் அறிவுரையை எங்கள் சங்கம் ஏற்கவில்லை. வாங்குவது ஒரு முடிவு என்றால், அதை இந்த ஆண்டும் வைத்திருப்பது இன்னொரு முடிவு. அந்த இரண்டாவது முடிவை ஆண்டுதோறும் உட்கார்ந்து எடுக்க நேரமோ விருப்பமோ இல்லாதவர்கள் தனிப் பங்குகளைத் தொட வேண்டாம். அவர்களுக்கு இண்டெக்ஸ் ஃபண்டு போதும், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை.

இவ்வளவு அழுத்தமாகச் சொல்வதற்குக் காரணம் கரூரில் இருக்கிறது.

1926-ல் கரூர் வணிகர்கள் சேர்ந்து தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 94 ஆண்டுகள் நடந்தது. அந்த வட்டாரத்து வியாபாரக் குடும்பங்களுக்கு அது ‘நம்ம பேங்க்’. தாத்தா வாங்கிய பங்கை அப்பா வைத்திருந்தார், அப்பா வைத்திருந்ததைப் பிள்ளை வைத்திருந்தார். 2020 நவம்பர் 17-ம் தேதி மத்திய அரசு அந்த வங்கியை முடக்கி வைத்தது. வாடிக்கையாளர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்று அறிவிப்பு வந்தது. பத்து நாளில், நவம்பர் 27-ம் தேதி, அது சிங்கப்பூர் டி.பி.எஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் முழுதாகப் பிழைத்தது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசாகூட இல்லை. பங்கு மூலதனம் மொத்தமும் தள்ளுபடி செய்யப்பட்டு, டீமேட் கணக்குகளில் இருந்த பங்குகள் செல்லாமல் போயின.

அந்த முடிவு நியாயமா என்று இன்னமும் விவாதிக்கலாம். நாங்கள் பேச வருவது அதற்கு முந்தைய மூன்று வருடங்களைப் பற்றி. வங்கி 2017-18 நிதியாண்டில் 585 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அடுத்த ஆண்டு 894 கோடி, அதற்கடுத்த ஆண்டு 836 கோடி. 2020 மார்ச் கடைசியில் கொடுத்த கடனில் கால்வாசி வாராக்கடன். 2019 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி அதை, நலிந்த வங்கிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் தன் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் கொண்டுவந்துவிட்டது. அடுத்த மாதம், இந்தியாபுல்ஸ் ஹவுசிங் ஃபைனான்ஸோடு இணைய வங்கி கேட்டிருந்த அனுமதியை மறுத்தது. 2020 செப்டம்பரில் நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிர்வாக இயக்குநர் உட்பட ஏழு இயக்குநர்களைப் பங்குதாரர்களே ஓட்டுப் போட்டு வெளியேற்றினார்கள். இவற்றில் ஒன்றுகூட ரகசியம் இல்லை. எல்லாம் பங்குச் சந்தைக்கு முறையாகத் தெரிவிக்கப்பட்டவை, நாளிதழ்களில் வந்தவை.

2017 கடைசியில் இதே வங்கி உரிமைப் பங்கு வெளியிட்டபோது ஒரு பங்கின் விலை 122 ரூபாய். முடக்க அறிவிப்பு வந்த நாளில் சந்தை விலை சுமார் 15 ரூபாய். நடுவில் விற்று வெளியேற எத்தனையோ நாள் இருந்தது. 80-ல் விற்றிருந்தால் பெரிய நஷ்டம், 40-ல் விற்றிருந்தால் இன்னும் பெரிய நஷ்டம், ஆனாலும் ஏதோ ஒரு தொகை கைக்கு வந்திருக்கும். ‘என் விலை வரட்டும், வந்ததும் கொடுத்துடறேன்’ என்று காத்திருந்தவர்களுக்கு அதுவும் வரவில்லை. விலை இறங்க இறங்க ‘ஆவரேஜ் பண்றேன்’ என்று மேலும் மேலும் வாங்கியவர்களின் நிலை அதைவிட மோசம்.

நாம் வாங்கிய விலை நம் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும் ஓர் எண். நிறுவனத்தின் கடனோ லாபமோ அதைப் பார்த்து மாறப்போவதில்லை. ஆகவே எங்கள் உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு பங்கையும் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும் என்று சொல்கிறோம். இந்தப் பங்கு என்னிடம் இல்லை, இதை விற்றால் வரும் பணம் மட்டும் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், இன்றைய விலையில் இதே பங்கை வாங்குவேனா? வாங்க மாட்டேன் என்றால் வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை. வரிக்குப் பயந்து தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் லாபம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம். நஷ்டத்தில் விற்பவருக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

வெளியேறும் வாசல் எப்போதும் திறந்திருக்கும் என்றும் எண்ண வேண்டாம். 2018 ஆகஸ்டில் யெஸ் வங்கியின் பங்கு 400 ரூபாயைத் தொட்டது. 2020 மார்ச்சில் அந்த வங்கியை மீட்கத் தீட்டப்பட்ட திட்டத்தில், 100 பங்குகளுக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்குகளில் 75 சதவீதத்தை மூன்று ஆண்டுக்கு விற்கக் கூடாது என்று பூட்டு போட்டார்கள். வங்கி பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்த மூன்று ஆண்டில் மகள் கல்யாணம் வைத்திருந்தவராலும் மருத்துவச் செலவு வந்தவராலும் தங்கள் சொந்தப் பங்குகளில் முக்கால்வாசியை விற்க முடியவில்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, வலுவானதும்கூட. டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன் பங்கை வாங்கி வைத்து வசதியானவர்கள் இல்லையா என்று கேட்கிறார்கள். இருக்கிறார்கள். பல ஆண்டு வைத்திருப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை, அதைத்தான் விரும்புகிறோம். ஆனால் வைத்திருப்பது வேறு, கவனிக்காமல் விடுவது வேறு. டைட்டனுக்கும் ஐரோப்பிய முயற்சியில் கையைச் சுட்டுக்கொண்ட காலம் இருந்தது. அப்போது கணக்கைப் படித்துப் பார்த்து, இந்த நிறுவனம் மீளும் என்று தெளிந்து வைத்திருந்தவருடைய லாபம் அவர் சம்பாதித்தது. மறந்துபோனதால் லாபம் பார்த்தவர் கல்யாண வீட்டில் கதை சொல்வார். மறந்துபோனதால் எல்லாம் இழந்தவர் வாய் திறப்பதில்லை. நம் காதில் விழுவது ஒரு பக்கத்துக் கதை மட்டும்தான்.

தேர்ந்தெடுப்பது பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டங்களில் அடிக்கடி எழும் ஒரு தவறான எண்ணம், 20 ரூபாய்ப் பங்கு மலிவு, ஒரு லட்சம் ரூபாய்ப் பங்கு விலை அதிகம் என்பது. சென்னையின் எம்.ஆர்.எஃப் பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த நிறுவனத்தின் மொத்தப் பங்குகளே சுமார் 42.4 லட்சம்தான். பெருக்கினால் நிறுவனத்தின் மதிப்பு 42,400 கோடி ரூபாய். யெஸ் வங்கிக்கு 3,000 கோடிக்கு மேல் பங்குகள் இருக்கின்றன. அதை 20 ரூபாய்க்கு வாங்குகிறவர் அந்த வங்கிக்கு 60,000 கோடிக்கு மேல் மதிப்புப் போட்டு வாங்குகிறார். இந்தப் பெருக்கலைப் போடாமல் மலிவு என்றோ விலை அதிகம் என்றோ பேசுவதில் அர்த்தமில்லை.

பெருக்கலுக்கு அடுத்தது ஆண்டறிக்கை. முன்பக்கத்து வழவழப்பான படங்களையும் தலைவர் உரையையும் தாண்டிப் பின்னால் போக வேண்டும். அங்கே பணப்புழக்க அறிக்கை இருக்கும். லாபம் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகிறது, வியாபாரத்திலிருந்து வந்த ரொக்கம் மட்டும் ஏறவில்லை என்றால், லாபம் எங்கே போய் நிற்கிறது என்று கேட்க வேண்டும். வராத பாக்கியாக நிற்கிறதா, விற்காத சரக்காகக் குவிந்திருக்கிறதா? அடுத்து, புரமோட்டர் குடும்பத்தின் மற்ற கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல். மூன்றாவது, புரமோட்டர் தன் பங்கில் எவ்வளவை அடமானம் வைத்திருக்கிறார் என்பது. இது மூன்று மாதத்துக்கு ஒருமுறை சந்தையின் இணையதளத்தில் வருகிறது, பார்க்க ஐந்து நிமிடம் ஆகாது. தணிக்கையாளர் பதவிக்காலம் முடியுமுன் விலகினால், வேறு எதையும் பார்க்கும் முன் அதைப் பார்க்க வேண்டும். 2018 மே மாதம் மன்பசந்த் பீவரேஜஸ் ஆண்டுக் கணக்கை வெளியிட இருந்த நேரத்தில் அதன் தணிக்கையாளரான டெலாய்ட் விலகியது. அதற்குப் பிறகு அந்தப் பங்கு அடுத்தடுத்து லோயர் சர்க்யூட்டில், அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதிக்கப்பட்ட கடைசி விலைக்கு, விழுந்தது, விற்க நினைத்தவர்களுக்கு வாங்க ஆள் கிடைக்கவில்லை.

படித்துவிட்டால் பத்திரம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. சத்யம் கம்ப்யூட்டர்ஸ் 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்காக விருது வாங்கியது. 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம், இருப்பில் இருப்பதாகக் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் பொய் என்று ஒப்புக்கொண்டது. அந்த ஒரே நாளில் பங்கின் மதிப்பில் முக்கால்வாசிக்கு மேல் போய்விட்டது. கணக்கே பொய்யாக இருந்தால் அதை எவ்வளவு கவனமாகப் படித்தாலும் பயனில்லை. அதனால்தான், பங்குகளில் போட்டிருக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எந்த ஒரு நிறுவனத்திலும் இருக்கக் கூடாது என்பதை எங்கள் சங்கம் உறுப்பினர்களுக்கு விதியாகவே சொல்கிறது. ஊர் வங்கி, உறவினர் நடத்தும் மில், நாம் வேலை பார்க்கும் கம்பெனி ஆகியவற்றுக்கு இந்த விதி இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். வேலை பார்க்கும் கம்பெனி சரிந்தால் சம்பளமும் சேமிப்பும் ஒரே நாளில் போகும். பதினைந்து நிறுவனங்களுக்கு மேலும் வேண்டாம், அதற்கு மேல் ஒரு வீட்டால் படித்துக் கவனிக்க முடியாது.

எஃப் அண்ட் ஓ எனப்படும் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வணிகத்தை நாங்கள் முதலீடாகக் கருதவில்லை. 2021-22 முதல் 2023-24 வரை அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த இழப்பு 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்று பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியே ஆய்வு செய்து 2024 செப்டம்பரில் வெளியிட்டது. நகைக்கடன், தனிநபர் கடன், கைமாற்று எதை வாங்கியும் பங்கு வாங்கக் கூடாது. இவற்றில் எங்களுக்குச் சமரசம் இல்லை.

டெலிகிராம், யூடியூப் டிப்ஸ் விஷயத்திலும் அப்படித்தான். சாத்னா பிராட்காஸ்ட் பங்கை யூடியூப் காணொளிகளில் பெரிதாகக் காட்டி விலையை ஏற்றிவிட்டு, ஏற்றியவர்கள் விற்று வெளியேறியதாக செபி 2023 மார்ச்சில் உத்தரவு போட்டது. அந்தக் காணொளிகளை நம்பி வாங்கியது சின்னச் சின்ன முதலீட்டாளர்கள். யார் பரிந்துரை சொன்னாலும் அவருடைய செபி பதிவு எண்ணைக் கேளுங்கள். செபியின் இணையதளத்தில் அந்தப் பெயர் இல்லையென்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

பொறுப்பு முழுவதையும் முதலீட்டாளர் தலையில் கட்டிவிட நாங்கள் தயாரில்லை. திவால் நடவடிக்கைக்குள் போன வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்-ஐப் பிரமல் குழுமம் எடுத்துக்கொள்ளும் திட்டத்தில் பழைய பங்குகளின் மதிப்பு பூஜ்யம். ஆனாலும் 2021 ஜூனில் வணிகம் நிறுத்தப்படும் வரை அந்தப் பங்கை மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். திவால் வழக்கில் சிக்கிய பங்கை வாங்கப் போகும்போது இன்று எச்சரிக்கை வரத்தான் செய்கிறது. ஆனால் அது பெரும்பாலும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் வருகிறது, பலருக்குப் புரிவதில்லை. ‘இந்தப் பங்கின் மதிப்பு முழுவதும் போய்விடலாம்’ என்று எளிய தமிழில் வாங்கும் திரையிலேயே காட்ட வேண்டும் என்று செபியையும் பங்குச் சந்தைகளையும் கேட்டுக்கொள்கிறோம். ஒரு வங்கி ரிசர்வ் வங்கியின் திருத்த நடவடிக்கைக்குள் வந்தாலோ, தணிக்கையாளர் இடையில் விலகினாலோ, திவால் மனு ஏற்கப்பட்டாலோ, அந்தப் பங்கை வைத்திருக்கும் ஒவ்வொருவருடைய கைபேசிக்கும் அன்றே அவரவர் மொழியில் செய்தி போக வேண்டும். டிவிடெண்டு வரவு வைத்ததைச் சொல்ல முடிகிறவர்களால் இதையும் சொல்ல முடியும். தமிழ்நாட்டில் பதிவு பெற்ற நிறுவனங்கள் ஆண்டறிக்கையோடு இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கம் தர வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை.

எங்கள் பங்குக்கு, ஆண்டறிக்கைகள் வரத் தொடங்கும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் உறுப்பினர்களோடு உட்கார்ந்து அவற்றைப் படிப்போம். எந்தப் பங்கை வாங்கு, எதை விற்றுவிடு என்று சொல்ல மாட்டோம். அதற்குச் செபியின் பதிவு வேண்டும், அது எங்களிடம் இல்லை. எந்தப் பக்கத்தில் எதைத் தேட வேண்டும் என்று காட்டுவோம். வாங்கிய காரணத்தை வாங்கிய அன்றே நாலு வரி எழுதி வைத்திருப்பவர்கள் அந்தத் தாளையும் கொண்டுவரட்டும். அந்தக் காரணம் இன்றும் நிற்கிறதா என்று சேர்ந்தே பார்க்கலாம்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்டு வாங்கப்படாமல் கிடந்தால், அந்தப் பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். திரும்பப் பெற வழி இருக்கிறது, ஆனால் வாரிசுகள் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பழைய காகிதப் பங்குப் பத்திரங்கள் பீரோவில் இருந்தால் எடுத்து டீமேட் கணக்குக்கு மாற்றுங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் கைபேசி எண்ணும் மாறியிருந்தால் பதிவு செய்யுங்கள். நாமினி பெயர் சேர்க்காதவர்கள் இந்த வாரமே சேர்த்துவிட்டு, எந்தெந்தப் பங்கு எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.