கேம் சொன்னால் கார்டை மாற்ற வேண்டுமா?

சென்ற பொங்கல் விடுமுறையில் புளியஞ்சோலையில் இருக்கும் என் சித்தப்பா வீட்டிற்குச் சென்றிருந்தேன். கொல்லிமலை அடிவாரத்தில் இருக்கும் ஊர். ஆற்றில் குளிக்கலாம் என்ற ஆசையில் போனவனை வீட்டு வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே ஒரு பஞ்சாயத்து. காரணம், இரண்டு மாதங்களுக்கு முன் வாங்கிய புதிய கம்ப்யூட்டர்.

"பழைய சரக்கைத் தலையில கட்டிட்டாங்க தம்பி" என்றார் சித்தப்பா. கல்லூரியில் சேர்ந்த மகனுக்காக, மரவள்ளி விற்ற பணத்தில் வாங்கிக் கொடுத்தது அது. தம்பி அதில் ஒரு பழைய கார் ரேஸ் கேமை இன்ஸ்டால் செய்திருக்கிறான். கேம் முதல் முறை இயங்கும்போது ஹார்ட்வேரைச் சோதித்துவிட்டு, இந்த கிராபிக்ஸ் கார்டின் திறன் குறைவு, எல்லாவற்றையும் 'லோ' செட்டிங்ஸில் வைத்துக்கொள்ளவும் என்று செய்தி காட்டியது. "கேமே சொல்லுதுண்ணே, வேற கார்டு போடணும்" என்றான் தம்பி. சித்தப்பாவோ மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை போடத் தயாராக இருந்தார்.

கார்டின் மாடல் பெயரைப் பார்த்தேன். அண்மையில் வெளியான மாடல். கேமின் செட்டிங்ஸ் பகுதிக்குச் சென்று, எல்லாவற்றையும் நானே 'ஹை' என்று மாற்றினேன். அரை மணி நேரம் விளையாடியும் ஓரிடத்தில் கூடத் தடங்கல் இல்லை. கேம் அந்தக் கார்டை ஒதுக்கியது அது பழையது என்பதால் அல்ல. கேமுக்குத் தெரியாத அளவு புதியது என்பதால்தான்!

இது எப்படி நடக்கிறது? ஒவ்வொரு கிராபிக்ஸ் சிப்பிற்கும் தயாரிப்பாளர் எண், சாதன எண் என இரண்டு எண்கள் உண்டு. இன்டெல் என்றால் தயாரிப்பாளர் எண் 8086. (1978-ல் வந்த அந்த நிறுவனத்தின் புகழ்பெற்ற பிராசசரின் பெயரும் இதுதான்.) என்விடியாவிற்கு 10டிஇ, ஏஎம்டிக்கு 1002. பல கேம்கள் இந்த எண்களின் பட்டியல் ஒன்றைத் தம்முடன் எடுத்து வருகின்றன. 2009 ஜூனில் வெளியான 'தி சிம்ஸ் 3' கேமில் இந்தப் பட்டியல் ஒரு டெக்ஸ்ட் பைலாகவே இருக்கிறது. அதன் பின் வந்த கார்டுகள் அதில் இல்லாததால், விளையாடுபவர்கள் தங்கள் கார்டின் எண்ணைத் தாங்களே அந்த பைலில் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் மெமரி. 32 பிட் எண்ணில் எழுதக்கூடிய உச்ச அளவு சுமார் 429 கோடி. பைட் கணக்கில் இது 4 ஜிபி. பழைய புரோகிராம்கள் இதற்கு மேல் உள்ள கிராபிக்ஸ் மெமரியைத் தவறாகப் படிக்கலாம். 2008 டிசம்பரில் கம்ப்யூட்டருக்கு வந்த 'கிராண்ட் தெப்ட் ஆட்டோ 4', தான் கணக்கிட்ட மெமரிக்கு மேல் செட்டிங்ஸை உயர்த்தவே விடாது. பின்னாளில் வந்த பெரிய கார்டுகளில் இந்தக் கணக்கு தவறியதால், தடையை நீக்கும் கட்டளையைத் தனி பைலில் எழுதி வைத்து விளையாடினார்கள்.

தனி கார்டு இல்லாத லேப்டாப்களில் இன்னொரு வகைக் குழப்பம். இன்டெல் சிப்கள் பலவற்றில் தனி மெமரி 128 எம்பி என்றுதான் காட்டப்படும். உண்மையில் அவை தேவைக்கேற்ப ராம் மெமரியைப் பகிர்ந்துகொள்கின்றன. கேம் அந்த 128-ஐ மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்லிவிடும். இரண்டு கிராபிக்ஸ் சிப்கள் உள்ள லேப்டாப்பில், திறன் குறைந்ததை மட்டும் பார்த்து முடிவு செய்வதும் உண்டு.

ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். சாப்ட்வேர் எழுதும் நாங்கள் எல்லோரும், 'மேலே சொன்ன எதுவும் இல்லையென்றால் இதைச் செய்' என்று கடைசியில் ஒரு வரி எழுதுவோம். அதில் எது பாதுகாப்பானதோ அதைப் போடுவோம். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். கேம் தயாரிப்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதல் பத்து நிமிடத்தில் கேம் திக்கித் திணறினால், நாம் கார்டைத் திட்டமாட்டோம், கேமைத்தான் திட்டுவோம். ஆகவே 'லோ' செட்டிங்ஸில் தொடங்குவது தவறில்லை.

தவறு, சொல்லும் விதத்தில் இருக்கிறது. "இந்தக் கார்டு எனக்குத் தெரியவில்லை" என்பது வேறு, "இந்தக் கார்டு மட்டம்" என்பது வேறு. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக, அந்த ஆளே ஊரில் இல்லை என்று சொல்வோமா? தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே செய்தி காட்டட்டும். இல்லையேல் ஒரு நிமிடம் காட்சியை ஓட்டிச் சோதித்துவிட்டுச் சொல்லட்டும். பல கேம்களில் இந்த வசதி இருக்கிறது. எல்லாவற்றிலும் வர வேண்டும் என்பது என் கருத்து. அனுபவசாலிகள் இந்தச் செய்தியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள்தான் இதை நம்பிப் பணத்தைச் செலவழிப்பார்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு செய்தி கிடைத்தால், கடைக்குக் கிளம்பும் முன் கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்.

முதலில் விண்டோஸ் கீயுடன் ஆர் கீயை அழுத்தி, கிடைக்கும் கட்டத்தில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டவும். டிஸ்பிளே டேபில் கார்டின் பெயர் இருக்கும். அங்கு 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர்' என்று இருந்தால், கார்டுக்கான டிரைவர் சரியாக இன்ஸ்டால் ஆகவில்லை என்று பொருள். அதைத் தயாரிப்பாளரின் இணைய தளத்திலிருந்து இறக்கி இன்ஸ்டால் செய்திடுங்கள்.

இரண்டு சிப் உள்ள லேப்டாப் எனில், விண்டோஸ் 10 மற்றும் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, கிராபிக்ஸ் என்று சென்று, அந்தக் கேமுக்கு 'ஹை பெர்பாமன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

பின்னர் கேமின் செட்டிங்ஸை ஒவ்வொரு படியாக உயர்த்துங்கள். விண்டோஸ் கீயுடன் ஜி கீயை அழுத்தினால் வரும் கேம் பாரில், ஒரு நொடிக்கு எத்தனை பிரேம்கள் ஓடுகின்றன என்று பார்க்கலாம். 60 என்றால் மிக நன்று. 30-க்குக் கீழே போனால் ஒரு படி இறக்கி விடுங்கள். நிழல் தொடர்பான செட்டிங்கைக் குறைத்தாலே பல கேம்களில் வேகம் கூடும். இவ்வளவும் செய்த பிறகும் படம் திணறினால், அந்தக் கேமைப் பொறுத்தவரை உங்கள் கார்டு போதாது என்பது உண்மைதான். புதிய கார்டு பற்றி அப்போது யோசிக்கலாம்.

சித்தப்பா கடைக்குப் போகவில்லை. "அப்ப இது புதுசுதானா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார். புதிய கார்டுக்கென்று கேட்ட பணம் அடுத்த செமஸ்டர் பீஸுக்கு என்று ஒதுக்கப்பட்டது. தம்பிக்கும் அதில் வருத்தமில்லை. ஸ்கிரீனில் கார் பறந்துகொண்டிருந்தது. நான் துண்டை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கிளம்பினேன்.