விழிப்புலனற்றோருக்கும் சதுரங்கப் புதிர்

விழிப்புலனற்ற சதுரங்க வீரர்கள் விரல்களால் தடவி ஆடுவதற்கான தனிப்பலகையைச் சர்வதேச விதிகள் அனுமதிக்கின்றன. அதில் கறுப்புக் கட்டங்கள் உயர்ந்திருக்கும். காய்கள் துளைகளில் பொருந்தும். அவர்களுக்கான முதல் ஒலிம்பியாட் 1961இலேயே நடைபெற்றது. ஆயினும், பயிற்சிக்கு இன்றியமையாத புதிர்கள் பெரும்பாலும் படங்களாகவே வெளியாகின்றன. திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளால் படத்தை வாசிக்க இயலாது.

பரிகாரம் எளிது. "வெள்ளை: அரசன் ஜி6, கோட்டை ஏ1. கறுப்பு: அரசன் ஜி8. வெள்ளை ஒரே நகர்வில் வெல்லவேண்டும்" என எழுத்தில் தந்தால் போதும். கேட்பவர் கோட்டையை ஏ8க்கு நகர்த்தி முடித்துவிடுவார்.

விளையாட்டிலும் சமபங்கை வலியுறுத்தும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. விழிப்புலனற்ற மாணவரும் பயிலும் பேராதனைப் பல்கலைக்கழகம் இப்பணியில் முன்னோடியாகலாம். புதிர்களை வெளியிடும் பத்திரிகைகளுக்கும் இப்பொறுப்பு உண்டு.