முறைக்கு வெளியே நிற்பவர்கள்



நவம்பர் வந்துவிட்டது. பழவேற்காடு ஏரிக்கு உயிர் திரும்பும் மாதம் இது. வடகிழக்குப் பருவமழை நன்றாக இறங்கினால் ஆரணியாறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகிய மூன்று ஆறுகளின் நன்னீரும் ஏரிக்குள் வந்து சேரும். முகத்துவாரம் திறந்திருந்தால் கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும். இறாலும் நண்டும் மடவையும் அந்தக் கலப்பு நீரில்தான் வளர்கின்றன. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. பெரும்பகுதி ஆந்திரத்தில் இருந்தாலும், கடலோடு அது பேசும் தென்முனை நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. இந்த மாதம் 21-ஆம் தேதி உலக மீனவர் தினம். அதை முன்னிட்டு இந்த ஏரிக்கரையின் சிறிய திருச்சபையைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்.

பழவேற்காட்டின் மகிமை மாதா ஆலயத்தின் தொடக்கத்தை 1515-ஆம் ஆண்டு என்று சொல்வார்கள். போர்த்துகீசிய வணிகர்கள் வந்திறங்கிய காலம் அது. சென்னை என்ற நகரமே அப்போது கிடையாது. போர்த்துகீசியர்களுக்குப் பின் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1613-இல் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் பழவேற்காடுதான். 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கோட்டை தரைமட்டம். மண்டையோடும் எலும்புக்கூடும் செதுக்கிய வாசலோடு டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கொடிகள் மூன்று மாறின. மாதாவிடம் விளக்கேற்ற வந்த மீனவக் குடும்பங்கள் மாறவில்லை. ஐந்து நூற்றாண்டுகளாக இந்தக் கரையில் நம்பிக்கையைத் தாங்கி வந்தவர்கள் அவர்கள்தான்.

அந்தப் பழைய வரலாற்றிலிருந்து இரண்டு செய்திகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டச்சுக் கோட்டையில் 1630-களில் ஆபிரகாம் ரோஜேரியுஸ் என்ற போதகர் ஊழியம் செய்தார். ஏறக்குறைய பத்தாண்டுகள் இங்கே வாழ்ந்த அவர், பத்மநாபன் என்ற பிராமணரிடம் உட்கார்ந்து இந்த மண்ணின் சமயத்தையும் வழக்கங்களையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர் இறந்த பின் 1651-இல் லெய்டன் நகரில் அது புத்தகமாக வந்தது. பர்த்ருஹரியின் சுபாஷிதங்கள் ஐரோப்பிய மொழியொன்றில் முதன்முதலாக வாசிக்கக் கிடைத்தது அந்தப் புத்தகத்தில்தான். அடுத்த வீட்டுக்காரர் எதை நம்புகிறார் என்று பொறுமையாகக் காதுகொடுத்த ஒருவர் நம் கரையில் அத்தனை காலத்துக்கு முன்பே இருந்திருக்கிறார்.

இரண்டாவது செய்தி நெஞ்சைச் சுடுவது. அதே நூற்றாண்டில், பஞ்சம் வாட்டிய ஆண்டுகளில், சோழமண்டலக் கரையின் ஏழைகள் ஆயிரக்கணக்கில் அடிமைகளாக வாங்கப்பட்டுப் பத்தாவியாவுக்கும் மற்ற டச்சுக் குடியேற்றங்களுக்கும் கப்பலேற்றப்பட்டார்கள். அந்த வியாபாரத்தின் முக்கியத் துறைமுகங்களில் பழவேற்காடும் ஒன்று. கோட்டைக்குள் ஞாயிறு வழிபாடு நடந்துகொண்டிருந்த ஊரிலேயே மனிதர்களும் விற்கப்பட்டார்கள். வழிபாடு தவறாமல் நடப்பதாலேயே ஒரு திருச்சபை நல்ல அயலானாகிவிடாது என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டியதில்லை.

இன்றைய குப்பங்களுக்கு வருவோம். நடுவூர் மாதாகுப்பம் கத்தோலிக்க மீனவர்களின் ஊர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகியவற்றோடு சேர்ந்து ஏரியில் பாடு உரிமை கொண்ட பழைய ஊர்களில் ஒன்று. பாடு என்பது முறை வைத்து மீன்பிடிக்கும் ஏற்பாடு. இறால் நீரோட்டத்தோடு வரும் நல்ல துறைகள் சிலதான். அங்கே எல்லோரும் ஒரே நாளில் வலை கட்டினால் சண்டைதான் மிஞ்சும். ஆகவே ஊரில் பெயர் எழுதிய ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் நாள் குறித்து, துறை குறித்து, முறை தருகிறார்கள். வசதி உள்ளவர், இல்லாதவர் என்ற பேச்சுக்கு இடமில்லை. இன்று நல்ல துறை உனக்கு என்றால் அடுத்த முறை எனக்கு. முறை தவறி வலை கட்டினால் ஊர்ப் பஞ்சாயத்து கேட்கும். அரசாங்கச் சட்டங்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஏரியை அழிக்காமல் பகிர்ந்து உண்ணக் கற்றுக்கொண்ட மக்களின் அறிவு இது. உலகின் மீன்வள ஆய்வாளர்கள் பழவேற்காட்டைத் தேடி வந்து படித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் பாடு முறைக்கு ஒரு வேலியும் உண்டு. முறை கிடைப்பது அந்த ஊர்களின் மீனவச் சமூகத்தில் பிறந்த தலைக்கட்டுகளுக்கு மட்டும். ஏரியை நம்பியே வாழும் பழங்குடி இருளருக்கும் தலித் மீனவருக்கும் அந்தத் துறைகளில் இடமில்லை. இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, சேற்றைத் துழாவிக் கையால் இறால் பிடிக்கிறார்கள். பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரிலேயே நகர்கிறார்கள். ஒரே ஏரி, ஒரே இறால். உள்ளே இருப்பவர்களிடையே அவ்வளவு நியாயம். வெளியே நிற்பவருக்கு முறையே கிடையாது.

வாசகர்களே, இதைச் சொல்வது மாதாகுப்பத்து மக்களைக் குறைகூற அல்ல. நம் ஒவ்வொரு பங்குக்கும் சபைக்கும் முன்னால் நிற்கும் கேள்வி இங்கே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது, அவ்வளவுதான். நமக்குள்ளே நாம் நன்றாகத்தான் இருக்கிறோம். அன்பியக் கூட்டத்துக்கு வாரந்தோறும் வீடு மாற்றி வீடு கூடுகிறோம். ஒருவர் வீட்டில் சாவு விழுந்தால் சவப்பெட்டி முதல் மூன்றாம் நாள் கஞ்சி வரை அன்பியம் பார்த்துக்கொள்கிறது. கொடியேற்றத்துக்கும் தேர்பவனிக்கும் வரி வசூலிப்பதில் ஒரு வீடு விட்டுப்போகாது. ஆலயத்தின் மணிச்சத்தம் எட்டும் தூரத்திலேயே, நம் பதிவேட்டில் பெயர் இல்லாத ஒரு குடும்பம் இரவு பட்டினியாகப் படுத்தால், அந்தச் செய்தி நம் கூட்டத்துக்கு வந்து சேர்கிறதா?

1833-இல் பாரீஸில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் இதே கேள்வியைச் சந்தித்தார். திருச்சபையின் பழைய பெருமையைப் பற்றி அவர் பேசியபோது, உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று உடன் படித்தவர்கள் கேட்டார்கள். அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளின் வீடுகளுக்கு நடந்து போனார். வின்சென்ட் தே பவுல் சபை பிறந்தது அப்படித்தான். இன்றும் நம் பங்குகளில் ஞாயிறு திருப்பலி முடிந்து சபையின் உறுப்பினர்கள் இருவர் இருவராக வீடு சந்திக்கப் போவது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. கூட்டத்தின் முடிவில் சுற்றிவரும் பையில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. சிறிய பங்குகளுக்கு ஏற்ற ஊழியம் இது. இதற்குப் பெரிய நிதி வேண்டாம். நடக்கக் கால்களும் உட்கார்ந்து கேட்கப் பொறுமையும் போதும்.

பிடி அரிசியையும் அப்படியே சொல்லலாம். உலை வைக்கும் போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்து, கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டும் நம் தாய்மார்களின் காணிக்கை அது. பாடு இல்லாத நாளிலும் கடன் கேட்கத் தயங்கும் வீடுகள் மீனவ ஊரில் உண்டு. அந்த வீடுகளுக்கு இந்த அரிசி யாருக்கும் தெரியாமல் போய்ச்சேர வேண்டும். கொடுப்பவரின் பெயரை ஒலிபெருக்கியில் அறிவிக்கும் வழக்கம் இதில் நுழையாமல் பார்த்துக்கொள்வோம்.

அரிசியோடு முடிந்துவிடுகிற தேவைகள் அல்ல இவை. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடந்த இருளர் குடும்பங்கள் பல, கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் மீட்கப்பட்டிருக்கின்றன. சட்டம் வந்தது 1976-இல். மீட்கப்பட்டவர்களுக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், குடும்ப அட்டை வேண்டும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்று வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் கூடவே வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றால் பாதிக் கஷ்டம் தீரும். நம் சபைகளில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அலுவலகப் பழக்கம் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு காலைப்பொழுது ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்றும். ஆலய மண்டபம் வாரத்தில் ஆறு நாளும் பூட்டித்தான் கிடக்கிறது. மாலையில் திறந்துவிட்டால் எல்லாக் குப்பத்துப் பிள்ளைகளும் விளக்கு வெளிச்சத்தில் பாடம் படிக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். செய்த உதவிக்கு விலையாக யாருடைய நம்பிக்கையையும் நாம் கேட்கக் கூடாது. பழவேற்காட்டில் ஆதிநாராயணப் பெருமாள் கோயிலும், பழைய பள்ளிவாசல்களும், மாதா ஆலயமும் நூற்றாண்டுகளாக அருகருகே இருக்கின்றன. பனை ஓலையில் அழகான பெட்டிகள் முடையும் இஸ்லாமியப் பெண்களும் மீன்கூடை சுமக்கும் மாதாகுப்பத்துப் பெண்களும் ஒரே சந்தையை, ஒரே பேருந்தை, ஒரே மருத்துவமனையை நம்பி வாழ்கிறார்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எந்தக் குப்பத்தின் மதத்தையும் விசாரித்துவிட்டு வரவில்லை. அதற்குப் பின் கடற்கரையெங்கும் கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் அடைக்கலமாகத் திறந்தன. பேரிடரில் நமக்குத் தானாக வருகிற அந்த மனம் சாதாரண நாட்களிலும் நம்மிடம் தங்க வேண்டும்.

சாதாரண நாட்களின் கவனம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2011-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் நாள் சாட்சி. அன்று பழவேற்காட்டில் படகு கவிழ்ந்து, சுற்றிப்பார்க்க வந்திருந்த 22 பேர் உயிரிழந்தார்கள். மகிழ்ச்சியின் திருநாள் இந்தக் கரைக்கு அப்படி முடிந்தது. வரும் டிசம்பரிலும் கூட்டம் வரும். கரையோரச் சபைகளின் இளைஞர்கள் காவல்துறைக்கும் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் துணையாக நின்று, வருகிறவர்களுக்கு அபாயத்தை எடுத்துச் சொல்வதும் கிறிஸ்துமஸ் ஊழியம்தான். குடிலுக்கு விளக்கு கட்டுவதைவிட அது எந்த வகையிலும் குறைந்ததல்ல.

இன்னொரு அயலாரையும் மறக்கக் கூடாது. அது ஏரி. தெற்கே எண்ணூரின் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் நெருங்கி நிற்கின்றன. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கருக்கு விரிக்கும் திட்டம் வந்தபோது, கடலரிப்பும் ஏரியின் அழிவும் வருமென்று அஞ்சிச் சுற்றுவட்டார மீனவ ஊர்கள் மதம் பாராமல் ஒன்றாக எதிர்த்தன. முகத்துவாரம் தூர்ந்தால் முதலில் காய்வது ஏழையின் உலைதான். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் விலங்கியல் பேராசிரியர் சஞ்சீவராஜ் இந்த ஏரியின் உயிர்களைப் பற்றிப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்து எழுதினார். ஒரு கிறிஸ்தவ நிறுவனத்தின் ஆசிரியர் சேற்றில் இறங்கிச் செய்த அந்தப் பணியை நான் ஊழியம் என்றே எண்ணுகிறேன். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட சுற்றுமடல், பூமியின் அழுகையும் ஏழையின் அழுகையும் பிரிக்க முடியாதவை என்று நமக்கு உணர்த்தியது. பழவேற்காட்டில் அதற்கு விளக்கவுரையே தேவையில்லை.

உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் செய்ததை நினைத்துப் பாருங்கள். இரவெல்லாம் வலை வீசிக் களைத்தவர்களுக்குக் கரையில் தீ மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தம் செய்து வைத்திருந்தார். முதலில் சாப்பிடக் கூப்பிட்டார். ஆடுகளை மேய்க்கும் பொறுப்பைப் பற்றிய பேச்சு சாப்பாட்டுக்குப் பின்புதான் வந்தது. நம் சபைகளின் ஊழியத்துக்கும் அந்த வரிசையே வழிகாட்டட்டும்.

ஆகவே இந்தத் திருவருகைக் காலத்துக்கு உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு அன்பியமும், ஒவ்வொரு சபை ஐக்கியமும், தன் பதிவேட்டில் இல்லாத ஒரே ஒரு குடும்பத்தைத் தேர்ந்துகொள்ளட்டும். பொட்டலம் கொடுத்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டாம். முதலில் அவர்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். சான்றிதழா, பள்ளிக் கட்டணமா, கந்துவட்டிக் கடனிலிருந்து விடுதலையா, குடியை விட நினைக்கும் மகனுக்கு ஒரு துணையா? அதில் ஒன்றையாவது முடியும்வரை கூட நில்லுங்கள். ஒரு கிறிஸ்துமஸோடு நின்றுவிடாமல் அடுத்த கிறிஸ்துமஸ் வரை அந்த உறவு தொடரட்டும்.

உங்கள் ஊரில் இப்படி நடந்துகொண்டிருக்கும் பணிகளை எங்களுக்கு எழுதுங்கள். உதவி பெற்றவர்களின் பெயரும் படமும் வேண்டாம். எப்படித் தொடங்கினீர்கள், எங்கே தடுமாறினீர்கள், எது பலன் தந்தது என்று எழுதினால் போதும். பிற சபைகளுக்கு அது வழிகாட்டும். தேர்ந்தவற்றை வரும் இதழ்களில் தொடர்ந்து வெளியிடுவோம்.

பாடு முறை நமக்குச் சொல்லித்தருவது பகிர்ந்து வாழும் நியாயம். அந்த நியாயத்தை வேலிக்கு அப்பாலும் கொண்டுபோகச் சொல்வது நற்செய்தி. இரண்டையும் சேர்த்துக் கைக்கொண்டால், எத்தனை சிறிய சபையும் தன் ஊருக்குப் பெரிய ஆசீர்வாதமாகும். அந்த நம்பிக்கையோடு, கரையோரக் குடும்பங்கள் அனைவருக்கும் உலக மீனவர் தின வாழ்த்துகள்.

அன்புடன்,
ஆசிரியர்